பொலிஷர் பெயரிங் ஒரு போகத்துக்குள்ள மூண்டு தரம் போச்சு. எங்க பிழை?

பாலியாற்றங்கரை
2025 பெப்ரவரி 16, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். மல்லாவிப் பக்கம் எங்களுக்குச் சின்ன நெல் ஆலை ஒண்டு இருக்கு. அப்பா நடத்தினது, ரெண்டு வருஷமா நான் பாக்கிறன். உமி நீக்கிற ரப்பர் ரோல் ஒண்டு, அரிசி தீட்டிற பொலிஷர் ஒண்டு, நெல்லை மேல ஏத்திற எலிவேட்டர் மூண்டு, கல்லுப் பிரிக்கிற மெசின் ஒண்டு, அவ்வளவுதான்.

பொலிஷரின்ர மெயின் சாப்டில, அதுதான் சுத்திற தண்டில, பெல்ட் பக்கம் இருக்கிற பெயரிங் 6310 இலக்கம். மார்கழியில போச்சு, மாத்தினம். தைப்பொங்கல் கழிஞ்சு பத்து நாள் இல்லை, திரும்பச் சத்தம், திரும்ப மாத்தினம். முந்தநாள் மூண்டாவதும் போச்சு. முதல்ல மெல்லிசா உர்ர் எண்டு ஒரு சத்தம், நாலைஞ்சு நாளில அது கரகரப்பா மாறும். பிறகு பெயரிங் வீட்டில, அதுதான் பெயரிங் இருக்கிற கூட்டில, கை வைக்க ஏலாத சூடு. அதே சாப்டில மற்றப் பக்கம் இருக்கிற பெயரிங்கில சத்தம் பெரிசா இல்லை.

பெரும்போக அறுவடை நடக்குது. முற்றத்தில சனத்தின்ர நெல்லு மூட்டை மூட்டையா அடுக்கிக் கிடக்கு. ஒரு நாள் நிண்டால் எத்தினை வீட்டில அரிசி இல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். அடுத்ததைப் பூட்ட முதல் காரணத்தைக் கண்டுபிடிக்க வேணும். தெரிஞ்சவை சொல்லுங்கோ.


மாங்குளத்தான்
பெப்ரவரி 16, இரவு 9.40

தம்பி, முதல்ல பெயரிங் அசலோ எண்டு பாருங்கோ. 2022 இல சாமான் இறக்குமதி முடங்கினதுக்குப் பிறகு கடையளில வந்த பாதி, பெட்டி மட்டும்தான் அசல். எழுத்து மங்கலா, கை நகத்தால சுரண்டினா அழியிற மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கோ. அசல் பழசு ஒண்டு இருந்தால் ரெண்டையும் தராசில வைச்சுப் பாருங்கோ, நிறை ஒத்து வரவேணும். நான் எலிவேட்டருக்கு வாங்கின யூசிபி 206 பெயரிங் ஒண்டு 20 நாளில உதிர்ந்தது. உள்ள குண்டு எல்லாம் ஒரே அளவில்லை.


கடைசல்காரன்
பெப்ரவரி 16, இரவு 10.05

பெயரிங் கள்ளச் சாமானா இருக்கலாம், ஆனா மூண்டும் கள்ளமா இருக்கச் சான்ஸ் குறைவு. எனக்குச் சில விஷயம் தெரியவேணும்.

சாப்டில பெயரிங் இருக்கிற இடத்தை மைக்ரோமீற்றரால அளந்தனீங்களோ? 6310 க்கு உள்விட்டம் 50 மில்லிமீற்றர். சாப்ட் 50.00 க்குக் குறையக்கூடாது, 50.02 க்கு மேல போகவும் கூடாது. தேய்ஞ்சு 49.95 க்கு வந்திருந்தால் உள்வளையம் சாப்டிலயே சுத்தும், சுத்தி சுத்தி ரெண்டையும் தின்னும். எங்கட ஆக்கள் இதுக்குச் செய்யிற வைத்தியம் சாப்டில சுத்திவரப் புள்ளி குத்திறது, இல்லாட்டி சோடாத் தகரம் வெட்டிச் சுத்திறது. புள்ளி ரெண்டு கிழமை பிடிக்கும், பிறகு மசிஞ்சு போகும். அப்பிடி ஏதும் செய்திருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கோ.

பூட்டேக்க எதால அடிச்சனீங்கள்? எந்த வளையத்தில அடிச்சனீங்கள்? பெல்ட் எத்தினை, எவ்வளவு இறுக்கம்? இந்த மூண்டுக்கும் பதில் வந்தால் பாதி விளங்கும்.


பாலியாற்றங்கரை
பெப்ரவரி 17, காலை 6.20

நன்றி அண்ணை. நான் தம்பி இல்லை, தங்கச்சி.

சாப்ட் அளந்தன். நாலு இடத்தில 50.01, ஒரு இடத்தில 50.00. புள்ளி, தகரம் ஒண்டும் இல்லை. பூட்டினது எங்கட ஊர் மெக்கானிக். நானும் பக்கத்தில நிண்டனான். உள்வளையத்தில குழாய்த்துண்டு வைச்சுத்தான் தட்டினவர். ஆனா கடைசிக் கொஞ்சத்துக்குக் குழாய் வழுக்கி வெளிவளையத்தில ரெண்டு அடி விழுந்தது. பெல்ட் நாலு, பி சைஸ். நாலில ஒண்டு மார்கழியில அறுந்து, அது மட்டும் புதுசு போட்டனாங்கள்.

இன்னொரு விஷயம். கார்த்திகைக் கடைசியில அடிச்ச வெள்ளத்தில ஆலைக்குள்ள முழங்கால் அளவுக்குத் தண்ணி நிண்டது. எலிவேட்டர் குழி முழுக்கச் சேறு. பொலிஷர் சாப்ட் நெஞ்சளவு உயரத்தில இருக்கிறபடியால் அதுக்குத் தண்ணி எட்டேல்லை. அதில இருந்துதான் இந்தப் பிரச்சினை தொடங்கின மாதிரி இருக்கு.


கடைசல்காரன்
பெப்ரவரி 17, காலை 7.02

தங்கச்சி, மன்னிக்கவேணும்.

வெளிவளையத்தில அடிச்சால் அந்த அடி குண்டுக்குள்ளால போய் உள்வளையத்தில குண்டு ஓடுற தடத்தில குழி விழுத்தும். கண்ணுக்குத் தெரியாத குழி, ஆனா அதுக்கு மேல குண்டு ஓடி ஓடி அது பெருக்கும். என்ர எண்ணம் உங்கட நோய் அதுதான்.

பெல்ட் விஷயமும் பிழை. நாலு ஓடுற இடத்தில ஒண்டு அறுந்தால் நாலையும் மாத்தவேணும். பழசு மூண்டும் இழுபட்டு நீண்டு போயிருக்கும். புதுசு தனிய முழுப்பாரத்தையும் இழுக்கும். மற்றதுகளும் பிடிக்கட்டும் எண்டு ஆள் மோட்டரைப் பின்னுக்கு இழுத்து இறுக்கும், சாப்ட் ஒரு பக்கம் வளையிற அளவுக்கு. ரெண்டு கப்பிக்கும் நடுவில பெருவிரலால அமத்திப் பாருங்கோ. ஒரு மீற்றர் தூரத்துக்கு 16 மில்லிமீற்றர் இறங்கினால் சரி. உங்கடது 70 சென்ரிமீற்றர் எண்டால் ஒரு விரல் தடிப்புக்குக் கொஞ்சம் குறைவா, 11 மில்லிமீற்றர் அளவில. கப்பிக் கவட்டுக்குள்ள பெல்ட் அடியில முட்டுதோ எண்டும் பாருங்கோ. முட்டினால் கப்பியே தேய்ஞ்சு போச்சு.


மின்கம்பி
பெப்ரவரி 17, மதியம் 1.15

போன ஞாயிறு, 9 ஆம் திகதி, பாணந்துறையில குரங்கு பாஞ்சு நாடு முழுக்கக் கரண்ட் போனதெல்லோ. அதுக்குப் பிறகு ரெண்டு மூண்டு நாள் ஒண்டரை மணித்தியாலப்படி வெட்டினவை. உங்கட மோட்டர் அந்தக் கிழமையில ஏதும் வித்தியாசமா ஓடினதோ? கேக்கிறதுக்குக் காரணம் இருக்கு. எங்கட பக்கம் உயர் அழுத்த லைனில ஒரு பியூஸ் மட்டும் போறது வழமை. அப்ப ட்ரான்ஸ்போமருக்கு இங்கால ஒரு பேஸில 230 இருக்கும், மற்ற ரெண்டிலயும் 115 அளவுதான் நிக்கும். வீட்டில லைற் மங்கி எரிஞ்சால் மூண்டு பேஸ் மோட்டரை உடன நிப்பாட்டவேணும். நிப்பாட்டாட்டி சுருள் எரியும்.

இதோட ஒண்டைச் சொல்லிட்டுப் போறன், ஆலை வைச்சிருக்கிற எல்லாரும் போய் இண்டைக்கே பாருங்கோ. 20 குதிரைவலு மோட்டருக்குத் தகட்டில 28 அம்பியர் அளவில எழுதியிருக்கும். ஸ்ரார்-டெல்ரா ஸ்ராட்டரில, மோட்டர் அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் இழுத்தால் நிப்பாட்டிற ஓவர்லோட் றிலே அனேகமா மெயின் கொன்டாக்டருக்குக் கீழ, மோட்டருக்குப் போற வயரிலதான் இருக்கும். அந்த வயரில ஓடுறது முழு 28 இல்லை, அதின்ர 0.58 பங்கு, அதாவது 16 சொச்சம். தகட்டில 28 எண்டு இருக்கெண்டு றிலேயையும் 28 இல வைச்சால், மோட்டர் கிட்டத்தட்ட 48 அம்பியர் இழுக்கிறவரைக்கும் அது கண்ணைத் திறக்காது. நான் கட்டிக் குடுத்த எரிஞ்ச மோட்டரில பாதிக்கு மேல இந்த ஒரு பிழைதான். றிலேயைத் திருப்புளியால ஒருக்காத் திருப்பியிருந்தால் சுருள் கட்டின காசு தப்பியிருக்கும்.


பாலியாற்றங்கரை
பெப்ரவரி 17, மாலை 5.48

மின்கம்பி அண்ணை, போய்ப் பாத்தன். எங்கட றிலே 27 இல நிக்குது. மோட்டர் 20 குதிரைவலுதான். றிலே நீங்கள் சொன்ன இடத்திலதான் இருக்கு. நாளைக்குக் காலையில 16 க்கு மாத்திறன். மோட்டர் வழமையாத்தான் ஓடினது, கரண்ட் வந்து போன நேரமும் நிப்பாட்டி வைச்சிருந்தம்.

கடைசல்காரன் அண்ணை, பெல்ட் அளவுக்கு மிஞ்சின இறுக்கம்தான், விரலால அமத்த அசையவே இல்லை. நாலும் புதுசு சொல்லிவிட்டிருக்கிறன்.


பரந்தன்_பட்டறை
பெப்ரவரி 17, இரவு 8.30

பிள்ளை, பழைய பெயரிங்குகளை எறிஞ்சிட்டீங்களோ? இருந்தால் ஒண்டையாவது வெட்டிப் பாருங்கோ.

நான் 1982 இல பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில பயிலுனரா நிண்டனான். எரிசோடாவும் குளோரினும் எடுக்கிற இடம். பம்பு எல்லாத்தையும் அரிக்கிற சாமான். எங்கட போர்மன் கழட்டின பெயரிங்கை ஒருநாளும் எறிய விடமாட்டார். வெட்டி, மண்ணெண்ணெயில கழுவி, வெயிலில பிடிச்சுப் பாத்து, கொப்பியில ஒரு வரி எழுதினால்தான் புதுசுக்குக் கையெழுத்து வைப்பார். 1985 இல தொழிற்சாலை நிண்டுபோச்சு. ஆனா அந்தப் பழக்கம் என்னோட வந்திட்டுது. செத்த பெயரிங் தான் செத்த காரணத்தைத் தன்ர தடத்திலயே எழுதி வைச்சிருக்கும்.

வெட்டிற முறை: சுத்தியலால உடைக்கவேண்டாம், வளையம் துண்டு பறந்து கண்ணைக் கெடுக்கும். கிரைண்டரால வெளிவளையத்தை எதிர் எதிரா ரெண்டு பக்கம் அறுங்கோ, முழுக்க அறுக்காமல் ஒரு நூல் விட்டு, ஈரச்சாக்கு மூடி வைஸில நெருக்குங்கோ. பட்டெண்டு விடும். கண்ணுக்குக் கண்ணாடி போடவேணும். கழுவிப் போட்டுத் தடத்தில என்ன தெரியுதெண்டு அப்பிடியே எழுதுங்கோ. நீங்கள் நினைக்கிறதை எழுதவேண்டாம், கண்டதை எழுதுங்கோ.


பாலியாற்றங்கரை
பெப்ரவரி 18, மாலை 6.33

ஐயா, மூண்டில ரெண்டு இருந்தது. ரெண்டையும் வெட்டினன்.

கண்டது இதுதான். உள்வளையத் தடத்தில, நடு ஓட்டத்தில, சின்னச் சின்னப் புள்ளிக் கூட்டமா இருக்கு. ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையில தூரம் ஒரே அளவு. வெளிவளையத்தில கீழ்ப்பாதியில அதே மாதிரி. புதுசா வெட்டின பெயரிங்கில, அதுதான் கடைசியாப் போனது, புள்ளிக்கு முன்னுக்குத் தோல் உரிஞ்ச மாதிரி ஒரு பெரிய செதில் கழண்டிருக்கு. மற்றதில தடம் முழுக்க உரிஞ்சு போனபடியால் ஒண்டும் பிரிச்சுப் பாக்க ஏலாது. கிறீஸ் கறுத்துப்போய் இருந்தது.


கடைசல்காரன்
பெப்ரவரி 18, இரவு 7.10

பாத்தீங்களோ, ஒரே அளவு தூரம் எண்டால் குண்டு நிண்ட இடங்கள். வெளிவளையத்தில விழுந்த அடிதான். நான் சொன்னது சரி.


பரந்தன்_பட்டறை
பெப்ரவரி 18, இரவு 8.55

தம்பி, அவசரப்படவேண்டாம். வெளிவளையத்தில அடிச்ச அடி குண்டைத் தடத்தின்ர கரைக்குத் தள்ளும். குழி ஒரு பக்கத் தோளில விழும். பிள்ளை நடு ஓட்டத்தில எண்டு எழுதியிருக்கு.

பிள்ளை, பள்ளிக்கூடப் பிள்ளையள் வைச்சிருக்கிற பெருக்கிக் கண்ணாடி ஒண்டு எடுத்துப் புள்ளியின்ர அடியைப் பாருங்கோ. அடிச்சு விழுந்த குழி எண்டால் அடி மினுங்கும், தொழிற்சாலையில தீட்டின மெல்லிய கோடுகள் குழிக்குள்ளயும் அப்பிடியே தொடர்ந்து தெரியும். இரும்பு அமுங்கினதே தவிர உருகேல்லை. அடி கறுத்து, கோடு அழிஞ்சு, விளிம்பு உருகி உறைஞ்ச மெழுகு மாதிரி இருந்தால் அது வேற கதை.


பாலியாற்றங்கரை
பெப்ரவரி 19, காலை 6.05

தங்கச்சியின்ர கண்ணாடி வாங்கி, வெளியில வெளிச்சத்தில வைச்சுப் பாத்தன். கறுப்பு. கோடு இல்லை. ஊசியைச் சுடவைச்சு மெழுகில குத்தின மாதிரி ஒவ்வொரு புள்ளிக்கும் சின்னக் கரை இருக்கு. நகத்தால தடவினால் ரெண்டு மூண்டு இடத்தில தட்டுப்படுது.


தண்ணிமுறிப்பு
பெப்ரவரி 19, காலை 7.44

நான் வழமையா வாசிச்சிட்டுப் போற ஆள். ஒரு கேள்வி: இந்த மூண்டு தரமும் பெயரிங் போறதுக்கு முதல் பொலிஷரில ஏதும் ஒட்டு வேலை செய்தனீங்களோ?


பாலியாற்றங்கரை
பெப்ரவரி 19, மதியம் 12.20

வாசிச்ச உடன நெஞ்சு திக்கெண்டுது. ஓம்.

அரிசியை முன்னுக்குத் தள்ளுற ஸ்குறூ இருக்கெல்லோ, அது வெள்ளத்துக்குப் பிறகு வந்த சேத்து நெல்லில நல்லாத் தேயத் தொடங்கினது. புதுசு வாங்கக் காசு பாத்து, ஒட்டி நிரப்புவம் எண்டு விட்டம். பெயரிங் மாத்த எப்பிடியும் கூட்டைத் திறக்கிறதுதானே, திறந்த கையோட ஒட்டுற அண்ணையைக் கூப்பிட்டு, சாப்டில இருக்கத்தக்கதாவே ஸ்குறூவை நிரப்பினம். வெள்ளத்துக்குப் பிறகு ஒருக்கா, பெயரிங் மாத்தின ரெண்டு தரமும். ஒட்டுற கரண்ட் திரும்பிப் போற ஏர்த் கிளிப்பை மெசினின்ர காலில கொளுவினவர், அங்கதான் பெயின்ற் இல்லாமல் இருந்தது.


பரந்தன்_பட்டறை
பெப்ரவரி 19, மதியம் 1.02

அதுதான் பிள்ளை. வேற ஒண்டும் தேடவேண்டாம்.

கரண்ட் போன பாதையைக் கையால காட்டிற மாதிரிச் சொல்லுறன். ஒட்டுற கம்பியில இருந்து ஸ்குறூவுக்கு, ஸ்குறூவில இருந்து சாப்டுக்கு. சாப்ட் மெசின் உடம்பில முட்டிற இடம் ரெண்டே ரெண்டு பெயரிங்தான். கிளிப் உடம்பில இருக்கிறபடியால் 100 அம்பியருக்கு மேல கரண்ட், குண்டும் தடமும் முட்டிற ஊசிமுனை அளவு இடத்துக்குள்ளால பாயவேணும். அந்த இடத்தில மின்னல் மாதிரிப் பொறி பறந்து, பெயரிங் உருக்கு உருகித் திரும்ப உறையும். உறைஞ்ச இடம் கண்ணாடி மாதிரி வெடிப்புத் தன்மை. சாப்டைத் திருப்பித் திருப்பி ஒட்டினபடியால் புள்ளி கூட்டம் கூட்டமா வந்திருக்கு. பெல்ட் இழுக்கிற பக்கம் குண்டு நல்லா அமந்து முட்டி நிண்டதால கரண்ட் கூட அதுக்குள்ளாலதான் போயிருக்கும். மற்றப் பெயரிங்கும் தப்பியிராது, கழட்டிப் பாருங்கோ. அதையும் சேர்த்து மாத்தவேணும்.

புதுப் பெயரிங்கை நீங்கள் பூட்டின அண்டைக்கே கொண்டு போட்டீங்கள். உர்ர் எண்டு கேக்கப் பத்து நாள் எடுத்தது, அவ்வளவுதான்.


கடைசல்காரன்
பெப்ரவரி 19, மதியம் 1.30

ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்ளுறன். நான் அடிக்கே காரணத்தைக் கட்டிப் போட்டு வைச்சிருந்தன், இந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. என்ர லேத்துக்கு வந்த சாப்டுகளில எத்தினை இப்பிடி வந்திருக்கும் எண்டு இப்ப நினைச்சுப் பாக்கிறன்.

ஸ்குறூவைப் பற்றி ஒரு சொல். அது வார்ப்பிரும்பு, மேற்பரப்பு இறுகின சாமான். சாதாரண ஒட்டுக்கம்பியால நிரப்பினால் நிரப்பினது மெது, மூண்டு கிழமையில உமி அரிச்சிடும். உமியைச் சும்மா நினைக்கக்கூடாது. எரிச்சால் வாற சாம்பலில பத்தில ஒன்பது பங்கு சிலிக்கா, அரத்தாள் மாதிரித்தான். புதுசு வாங்குங்கோ. வாங்க ஏலாட்டில் கழட்டி, சுடவைச்சு, தேய்மானத்துக்கெண்டு இருக்கிற கடினக் கம்பியால நிரப்பி, மெல்ல ஆறவிட்டு, பிறகு கடையவேணும்.


ஒட்டுவேலை_கிளி
பெப்ரவரி 19, இரவு 9.18

நான் 14 வருஷமா இந்தத் தொழில். கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முழங்காவில் எல்லா இடமும் போய் ஒட்டுறன். கிளிப்பை வசதியான இடத்தில கொளுவிறதுதான் எங்களுக்குக் காட்டித் தந்த பழக்கம். உழவு மெசின் ஒட்டேக்க பற்றரி வயரைக் கழட்டவேணும், இல்லாட்டி ஒல்ரனேற்றர் போகும் எண்டு தெரியும். பெயரிங்குக்கும் அதே கதை எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. இண்டைக்கு வாசிச்சிட்டு, போன மாசம் ஒரு எலிவேட்டர் தலைச் சாப்டை இப்பிடி ஒட்டிக் குடுத்த வீட்டுக்குப் போன் எடுத்தன். பெயரிங் சத்தம் போடுதாம். அதை நான் என்ர காசில மாத்திக் குடுக்கப்போறன்.

ஐயா, கழட்டவே ஏலாத சாமான் எண்டால் என்ன செய்யிறது?


பரந்தன்_பட்டறை
பெப்ரவரி 19, இரவு 10.01

நல்ல மனம் தம்பி. கழட்ட ஏலாட்டி கிளிப்பை ஒட்டுற துண்டிலயே கொளுவவேணும், ஒட்டுற இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள. சாப்ட் எண்டால் சாப்டில, பெயின்றும் துருவும் சுரண்டிப்போட்டு. கம்பிக்கும் கிளிப்புக்கும் இடையில பெயரிங் நிக்கக்கூடாது. இந்த ஒண்டை மனசில வைச்சால் காணும்.

இந்தப் பழக்கம் எங்களுக்கு எங்கயிருந்து வந்தது எண்டும் எனக்குத் தெரியும். 90 களில பொருளாதாரத் தடை. டீசல் இல்லை, இரும்பு இல்லை, சீமெந்து இல்லை, ஒரு ரோச் பற்றரி கூட வவுனியாவுக்கு இங்கால வரவிடமாட்டாங்கள். அப்ப ஸ்குறூ புதுசு எண்டால் என்ன எண்டே தெரியாது. தேய்ஞ்ச சாமான் எல்லாத்தையும் இருந்த இடத்திலயே நிரப்பினம். என்ஜினுக்கு மண்ணெண்ணெய் விட்டம். மண்ணெண்ணெய் வறண்ட சாமான், பம்பின்ர பிளஞ்சர் பிடிச்சிடும் எண்டு அதுக்குள்ள ஒயில் கலந்தம். பெயரிங் கிடைக்காத இடத்தில முதிரையில புஷ் கடைஞ்சு எண்ணெயில ஊறப்போட்டுப் பூட்டினம். அது ஓடினது, சனம் சோறு திண்டது. அதில எனக்குப் பெருமைதான். ஆனா அப்ப ஓடினது மெதுவான மெசின், மரப் புஷ்ஷுக்குள்ள கரண்ட் பாயாது. இப்ப ஓடுறது வேற மெசின். வேலை மட்டும் பழைய மாதிரியே நடக்குது.


தையல்_மெக்கானிக்
பெப்ரவரி 20, இரவு 8.12

நான் கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் மெசின் பராமரிப்பில் வேலை செய்கிறேன். உங்களது இயந்திரங்கள் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்த இழையில் எல்லாரும் பெயரிங்கைப் பற்றிப் பேசுகிறீர்கள், அக்கா கூட்டைத் திறந்து கையை உள்ளே விடும்போது மெயின் சுவிட்ச் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் மாமா மகன் ஒரு ஆலையில் வேலை செய்தார். அங்கே ஸ்ராட்டரின் பச்சைப் பொத்தான் அடிக்கடி விழுகிறது என்று அதை அமத்தித் தீக்குச்சி செருகி வைத்திருந்தார்கள். கரண்ட் போனது. பெல்ட் வழுக்குகிறது, இதுதான் நேரம் என்று அவர் பெல்டில் கை வைத்தார். கரண்ட் வந்தது. வலது கையில் இரண்டு விரல் இல்லை. அப்போது அவருக்கு 23 வயது.

கரண்ட் போனால் கொன்டாக்டர் தானாக விட்டுவிட வேண்டும், வந்தால் ஆள் போய் அமத்தினால்தான் ஓட வேண்டும். அந்தப் பொத்தான் அதற்காகத்தான் இருக்கிறது. எங்கள் தொழிற்சாலையில் திறப்பதற்கு முன் மெயினை இறக்கி, அதில் நாங்களே ஒரு ஆமைப்பூட்டுப் போடுவோம். சாவி திறந்தவரின் பையில் மட்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. பூட்டில் ஒரு மட்டை: ஆள் உள்ளே வேலை செய்கிறார். பூட்டிய பிறகும் ஒருமுறை பச்சைப் பொத்தானை அமத்திப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்போம்.

அக்கா, தயவுசெய்து ஒரு பூட்டு வாங்குங்கள்.


பாலியாற்றங்கரை
பெப்ரவரி 20, இரவு 9.05

தங்கச்சி, வாங்கிட்டன். மெக்கானிக் அண்ணைக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு. எங்கட மெயினில பூட்டுப் போட ஓட்டை இல்லை, சுவிட்ச் பெட்டிக் கதவுக்குக் கொண்டி ஒண்டு அடிப்பிக்கிறன். உங்கட மாமா மகனுக்கு நடந்ததை வாசிச்சுக்கொண்டு கன நேரம் இருந்தன். எங்கட பச்சைப் பொத்தானையும் போய்ப் பாத்தன். அதில ஒண்டும் செருகேல்லை.

அப்பாட்டக் கேட்டன், உங்கட காலத்தில ஏன் இந்தப் பெயரிங் அஞ்சாறு வருஷம் ஓடினது எண்டு. ஸ்குறூ தேய்ஞ்சால் கழட்டி உரப்பையில சுத்தி பஸ்ஸில கிளிநொச்சிக்கு அனுப்புவாராம். அங்க இருந்த ஒட்டுறவர் பட்டறையை விட்டு வரமாட்டாராம். அதாலதான். கரண்ட் பெயரிங்குக்குள்ளால பாயும் எண்டு அப்பாவுக்கும் தெரியாது.


பாலியாற்றங்கரை
பெப்ரவரி 23, இரவு 8.40

வேலை முடிஞ்சுது, நடந்ததை எழுதிறன்.

மற்றப் பக்கப் பெயரிங்கிலயும் புள்ளி இருந்தது, ஐயா சொன்ன மாதிரி. ரெண்டும் புதுசு. இந்த முறை சுத்தியல் இல்லை. பழைய பால்மாத் தகரத்தில புது ஒயில் விட்டு, பெயரிங்கைக் கம்பியில தொங்கவிட்டுச் சூடாக்கினம். தகரத்தின்ர அடியில முட்டவிடக்கூடாது, அடியில சூடு கூட. முட்டாமல் தூரத்தில பிடிச்சு வெப்பம் பாக்கிற வெப்பமானி ஒண்டு இரவல் வாங்கினது. கொரோனாக் காலத்தில நெத்தியில பிடிச்சது சரிவராது, அது காய்ச்சல் அளவுக்கு மேல காட்டாது. 90 பாகையில எடுத்து, துணியால பிடிச்சு, சாப்டில விட்டன். தள்ளவே தேவை இல்லை. வளையல் போட்ட மாதிரிப் போய்த் தோளில இருந்தது. ஆறும்வரைக்கும் அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். மெக்கானிக் அண்ணை இத்தினை வருஷத்தில இப்பிடி ஒண்டு பூட்டேல்லை எண்டார்.

ஸ்குறூ புதுசு. கடன்தான், ஆனா மூண்டு பெயரிங் காசும் நிண்ட நாளும் கூட்டிப் பாத்தால் கடன் சின்னன். பெல்ட் நாலும் புதுசு, கப்பிக்குக் கப்பி நூல் பிடிச்சு நேர் பாத்து, 11 மில்லிமீற்றர் இறக்கத்தில விட்டது. றிலே 16 இல.

கிறீஸ் எவ்வளவு வைக்கிறது எண்டு தெரியாமல் நிண்டன். முந்தி வீடு நிறைய அடைச்சுத்தான் மூடுவம்.


கடைசல்காரன்
பெப்ரவரி 23, இரவு 9.15

அடைக்கவேண்டாம். பெயரிங்குக்குள்ள நிறைய, சுத்திவர இருக்கிற வெற்றிடத்தில மூண்டில ஒரு பங்கு. நிறைய அடைச்சால் கிறீஸைக் கடையிறதிலயே சூடேறும். வேற நிறக் கிறீஸை மேல மேல விடவும் வேண்டாம். ரெண்டு வகை ஒத்துவராட்டித் தண்ணியாப் போய் ஒழுகும்.


பாலியாற்றங்கரை
மார்ச் 16, இரவு 8.22

பழைய பெயரிங் மூண்டும் ஒட்டினதுக்குப் பிறகு இந்தளவு நாளுக்குள்ள செத்திட்டுது, அதால எழுதிறன். ஓடத் தொடங்கி இண்டைக்கு 21 நாள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் 4 மணிக்கு, பாரத்தில ஓடேக்க, ஒரே இடத்தில வெப்பம் எடுத்துக் கொப்பியில எழுதிறன். முதல் நாள் 61, ரெண்டாம் நாள் 58, பிறகு 52 க்கும் 54 க்கும் இடையில நிக்குது. முந்திச் சாகேக்க கை வைக்க ஏலாத சூடு. திருப்புளியைப் பெயரிங் வீட்டில ஊண்டி, பிடியைக் காதில வைச்சால் ஒரே சீரான இரைச்சல்தான் கேக்குது. முற்றத்தில இருந்த மூட்டை எல்லாம் போட்டுது.


பரந்தன்_பட்டறை
மார்ச் 16, இரவு 8.50

சந்தோஷம் பிள்ளை. பூட்டின திகதியை மெசினிலயே எழுதிவிடுங்கோ. கொப்பி தொலையும், மெசின் தொலையாது. 2010 இல திரும்பி வரேக்க என்ர பட்டறையில மிஞ்சினது அத்திவாரத்தில நிண்ட ஒரு துளைக்கிற மெசின் மட்டும்தான். அதின்ர உடம்பில நான் 1994 இல பெயின்றால எழுதின பெயரிங் இலக்கம் அப்பிடியே இருந்தது. அதை வைச்சுத்தான் முதல் சாமான் வாங்கினனான்.


ஒட்டுவேலை_கிளி
மார்ச் 16, இரவு 9.31

அந்த எலிவேட்டர் பெயரிங் மாத்திக் குடுத்திட்டன் ஐயா. பழசை வெட்டிப் பாத்தன். அதே கறுப்புப் புள்ளி. இப்ப என்ர பெட்டியில கிளிப்போட சேர்த்து ஒரு கம்பித் தூரிகையும், இந்தப் பெயரிங் துண்டும் கிடக்கு. ஏன் கழட்டச் சொல்லுறாய் எண்டு வீட்டுக்காரர் கேட்டால் அதை எடுத்துக் காட்டிறன்.


பாலியாற்றங்கரை
மார்ச் 17, காலை 6.10

எழுதிட்டன் ஐயா. பெல்ட் பக்கத்து மூடியில, வெள்ளைப் பெயின்றால: 6310, ரெண்டு பக்கமும், 2025 பெப்ரவரி 23. அதுக்குக் கீழ அப்பா தன்ர கையால ஒரு வரி சேர்த்திருக்கிறார்: சாப்டில வைச்சு ஒட்டக்கூடாது.